21 நாளில் ஒன்பது நாள்தான் மிச்சம்: நில உபயோக மாற்றத்துக்கு ஆட்சேபணை எழுதுவது எப்படி?

ஏரிக்கரை | ஜூன் 4, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஊராட்சி, இப்போது நகராட்சியின் ஒரு வார்டு. ஊரில் ஓர் ஏரி உண்டு. ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் கலங்கலுக்குக் கீழே ஆறு ஏக்கருக்கு மேல் தாழ்வான நிலம். அதற்கும் கீழே எங்கள் தெரு.

நேற்று எங்கள் தெருத் தையல்கடை அக்கா ரவிக்கைக்கு அளவு வெட்டுவதற்காகப் பழைய நாளிதழை விரித்திருக்கிறார். கத்தரிக்கோல் போக வேண்டிய இடத்தில் எங்கள் ஊர்ப் பெயர். உடனே என்னை அழைத்துக் காட்டினார். மே 23ஆம் தேதி நாளிதழ், உள்ளங்கை அளவு அறிவிப்பு. குறிப்பிட்ட புல எண்களில் (சர்வே எண்களில்) அடங்கிய 2.58 ஹெக்டேர் நிலத்தை விவசாயப் பயன்பாட்டிலிருந்து முதன்மைக் குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் வந்திருக்கிறதாம். ஆட்சேபணை இருந்தால் 21 நாட்களுக்குள் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டுமாம். பன்னிரண்டு நாள் போய்விட்டது.

அந்த அறிவிப்பில் ஏரி என்ற சொல்லே இல்லை. கலங்கல் என்ற சொல்லும் இல்லை. வெறும் எண்கள். எங்கள் ஊரில் யாரும் எந்த நிலத்தையும் எண் சொல்லி அழைப்பதில்லை. அந்த இடத்துக்குக் 'கலங்கல்பள்ளம்' என்று பெயர். அந்தப் பெயரைப் போட்டிருந்தால் பால் ஊற்ற வருகிறவர்கூடப் படித்துவிட்டு ஊருக்குச் சொல்லியிருப்பார். 2015 டிசம்பர் மழையில் மூன்று நாள் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றது. அது அங்கே நின்றதால்தான் எங்கள் வீட்டுக்குள் முழங்காலோடு போயிற்று.

எனக்கு அந்தப் பள்ளத்தில் ஒரு சென்ட் நிலமும் கிடையாது. நான் ஆட்சேபிக்கலாமா? என்ன எழுதுவது, யாரிடம் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு | ஜூன் 4, இரவு 10.02

தாராளமாக ஆட்சேபிக்கலாம். பட்டாதாரர் மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வெள்ளம் உங்கள் வீட்டுக்குள் வந்தது என்பதே போதுமான காரணம்.

நாள் கணக்கை முதலில் பாருங்கள். மே 23இல் வெளியானது என்றால் ஜூன் 13 கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று இருக்க வேண்டாம். ஒருநாள் முன்பே நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை பெறுங்கள். தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். முத்திரை இல்லாத ஆட்சேபணை பின்னால் நீதிமன்றத்தில் நிற்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கோப்பை வாங்கிப் பார்த்த பிறகு எழுதலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சட்டத்தில் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஆட்சேபணைக்கு மொத்த அவகாசமே 21 நாள். பதில் வரும்போது வாசல் மூடியிருக்கும். பலர் இப்படித்தான் ஏமாந்திருக்கிறார்கள். மனுவையும் போடுங்கள், பிற்பாடு உதவும். ஆட்சேபணையை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்றையும் மனதில் இருத்துங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டினுடையது. ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும்போது, மக்கள் கருத்துச் சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கூட்டம் நடக்கும், செய்தி வரும், ஊரே பேசும். அந்தத் திட்டத்தில் ஒரு துண்டை மட்டும் மாற்ற வேண்டும் என்று வரும்போது நிலைமை வேறு. நாளிதழில் ஒரு சதுரம், இரண்டு மூன்று வாரம், முடிந்தது. முழுத் திட்டத்துக்கு ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டுவிட்டு, பிறகு துண்டு துண்டாக யாருக்கும் தெரியாமல் மாற்றினால் முதலில் கேட்டதற்கு என்ன மதிப்பு? பல ஆண்டுகளாக எனக்கு இதுதான் மனக்குறை.

சர்வேகல் | ஜூன் 5, காலை 5.48

அம்மா, நான் நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டத்தை வழக்கறிஞர் வழக்குக்கட்டு சொல்லிவிட்டார். நான் காகிதத்தைச் சொல்கிறேன்.

இன்றே இணையத்தில் அரசின் மின்சேவைத் தளத்துக்குப் போங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரமும் (அந்த எண் என்ன வகை நிலம் என்ற பதிவு) புலப்படமும் (அந்த எண்ணின் அளவு வரைபடம்) கிடைக்கும். அறிவிப்பில் உள்ள எண்கள் மட்டும் போதாது. அவற்றைச் சுற்றியுள்ள எண்கள் அத்தனையையும் எடுங்கள். ஏரி எந்த எண், கலங்கல் எந்த எண், கலங்கலிலிருந்து வரும் போக்குக்கால் எந்த எண், அது விண்ணப்ப நிலத்தைத் தொடுகிறதா, குறுக்கே போகிறதா, அதன் வகைப்பாடு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போதைய பதிவேட்டோடு நின்றுவிட வேண்டாம். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அப்போது லட்சக்கணக்கான எண்களைக் குறுகிய காலத்தில் மாற்றி எழுதினார்கள். நேர்மையாக வேலை செய்தவர்கள் கையிலேயே பிழைகள் வந்தன, நான் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் வண்டிப்பாதையாகும். பாதை பக்கத்துப் பட்டாவில் கரையும். அதற்கு முந்தைய பதிவேட்டையும் பழைய புலப்படத்தையும் வட்ட அலுவலகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ சான்றிட்ட நகலாகக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மை தானே தெரியும்.

வெள்ளம் வரும் என்று எழுதினால் படிப்பவர் அடுத்த தாளைப் புரட்டிவிடுவார். இன்ன எண்ணில் வாய்க்கால் இருந்தது, இப்போது வேறு பெயரில் இருக்கிறது, இதோ இரண்டு நகல்கள் என்று எழுதினால் அவர் கோப்பில் குறிப்பு எழுதியே ஆக வேண்டும்.

சொந்தவீடு | ஜூன் 5, காலை 8.30

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் பதினான்கு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறேன். நகருக்குள் மனை வாங்க எனக்கு இந்தப் பிறவியில் வழியில்லை. என்னைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது நகரத்தின் ஓரம்தான். ஓரத்தில் உள்ள நிலமெல்லாம் பழைய திட்டத்தில் 'விவசாயம்' என்று இருக்கிறது, ஆனால் பாதி நிலத்தில் ஏர் பூட்டியே எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆட்சேபணை என்று போனால், முறையாக அனுமதி கேட்பவர் பின்வாங்குவார், அனுமதியே இல்லாமல் மனை பிரிப்பவர் விற்றுக்கொண்டே போவார். அப்படி அங்கீகாரமில்லாத மனையில் பணத்தைப் போட்டுவிட்டு என் மைத்துனர் இன்றுவரை அலைந்துகொண்டிருக்கிறார்.

ஏற்கெனவே வீடு உள்ளவர்கள் மட்டும் வந்து கருத்துச் சொல்லும் கூட்டத்தை மக்கள் கருத்து என்று எப்படிச் சொல்வது? அந்த இடத்தில் நாளை வீடு கட்டிக் குடிவரப் போகிறவனும் மக்களில் ஒருவன்தானே? அவனுக்கு எந்த அறிவிப்பும் போவதில்லை.

ஏரிக்கரை | ஜூன் 5, மதியம் 1.15

கோபமே இல்லை சகோதரரே. நீங்கள் சொன்னதில் பாதி என் கதை. எங்கள் தெருவே முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அப்படிப் பிரித்த மனைதான். அப்போது யாராவது எங்கள் அப்பாவிடம் இது தண்ணீர் வரும் வழி என்று சொல்லியிருந்தால், இரண்டு அடி உயர்த்தியாவது கட்டியிருப்பார். நாளை அந்தப் பள்ளத்தில் வாங்கப் போகிறவருக்கும் சேர்த்துத்தான் நான் எழுதப் போகிறேன். அவருக்கு விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

சர்வேகல் ஐயா, புலப்படங்களை எடுத்துவிட்டேன். கலங்கலிலிருந்து ஒரு பட்டை விண்ணப்ப நிலத்தின் நடுவே போகிறது. அ-பதிவேட்டில் அதற்கு 'வண்டிப்பாதை' என்று இருக்கிறது. ஐயா, எங்கள் ஊரில் அந்த வழியாக வண்டி போனதாக என் பாட்டிகூடச் சொன்னதில்லை.

நெறியாளர் | ஜூன் 5, மதியம் 2.40

இழை பயனுள்ளதாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: விண்ணப்பதாரரின் பெயர், பட்டாதாரர்களின் பெயர், அலுவலர்களின் கைபேசி எண் எதையும் இங்கே இட வேண்டாம். புலப்பட நகலை ஏற்றுபவர்கள் பெயர்களை மறைத்துவிட்டு ஏற்றுங்கள்.

மாண்டவி | ஜூன் 5, இரவு 11.20

நான் கோவாவில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் தமிழன். வழக்கறிஞர் நண்பர் சொன்ன 'துண்டு துண்டாக' என்பதற்கு இந்த ஊரே சாட்சி. இங்கே நடந்ததை எழுதுகிறேன். நீளமாக இருக்கும்.

கோவாவுக்கு 2011ஆம் ஆண்டை இலக்காக வைத்து ஒரு வட்டாரத் திட்டம் 2006இல் அறிவிக்கப்பட்டது. குன்றுகளும் காயல் ஓரங்களும் வயல்களும் குடியிருப்பு வண்ணத்தில் மாறியிருந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். தேவாலய முற்றங்களில் வரைபடத்தை விரித்து வைத்து, அவரவர் ஊரை அவரவரே தேடிப் பார்த்தார்கள். 2007 ஜனவரியில் அரசு அந்தத் திட்டத்தைத் திரும்பப் பெற்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2021ஆம் ஆண்டுக்கான புதிய திட்டத்துக்கு ஒரு பணிக்குழு அமைத்தார்கள், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரெயா அதில் இருந்தார். மாநிலம் முழுவதற்கும் ஒரே படம் போட்டு நிறுத்தாமல், ஊராட்சிவாரியாகப் படம் தயாரித்து ஊருக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். ஒருவர் வந்து தன் ஊர்ப் படத்தில் விரல் வைத்து, இங்கே ஊற்று இருக்கிறது, நீங்கள் அதைப் போடவில்லை என்று சொல்ல முடிந்தது. எல்லா ஊரிலும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சில ஊர்களில் சண்டை, சில ஊர்களில் சொன்னதைச் சேர்க்கவில்லை என்ற குறை. ஆனாலும் தன் ஊர்ப் படத்தைக் கையில் தொட்ட மனிதனுக்கு அதன்பின் திட்டம் என்ற சொல் அந்நியமாக இல்லை. அதை நான் நேரில் பார்த்தேன்.

பிறகு 2012இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். 2023இல் கோவாவின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 17(2) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். திட்டத்தில் உள்ள பிழையைத் திருத்துவது என்ற பெயரில் தனித்தனி நிலங்களின் வகையை விண்ணப்பத்தின் பேரில் மாற்ற அது வழி செய்தது. வயல் குடியிருப்பானது. மக்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2025 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு அதற்கான விதிகளை ரத்து செய்தது. இதற்கிடையே 2024இல் 39ஏ என்று இன்னொரு பிரிவும் வந்துவிட்டது. அதில் மண்டல மாற்றத்துக்கு 30 நாள் ஆட்சேபணை அவகாசம் உண்டு. மாதாமாதம் பட்டியல் வருகிறது, மக்கள் மாதாமாதம் படிக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் எத்தனை மாதம் படிப்பார்?

ஊர் கூடிப் போட்ட கோட்டை ஒரு விண்ணப்பம் அழிக்கலாம் என்றால், அந்த விண்ணப்பமும் ஊருக்குள் வந்து கேட்கட்டும். நிலத்தின் நடுவில் ஒரு பலகை நட்டு, ஊர் அழைக்கும் பெயரோடு, படத்தோடு எழுதி வைக்கட்டும். இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

நொய்யல் | ஜூன் 6, காலை 7.05

மாண்டவி அவர்களே, பலகை என்பது அருமையான யோசனை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நகரத்தின் முழுமைத் திட்ட வரைவுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எந்த நகரம் என்று சொல்லப் போவதில்லை. குளிரூட்டிய மண்டபம், முன்வரிசையில் கட்டுமானத் தொழில் சார்ந்தவர்கள், மேடையில் ஆங்கிலத்தில் காட்சிப்படம். பின்வரிசையில் எனக்குப் பக்கத்தில் பச்சைத் துண்டு போட்ட ஒரு விவசாயி. ஒன்றரை மணி நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் கேட்டார்: "தம்பி, இதில் எங்க ஊர் எங்க இருக்கு?" நான் தேடினேன். என்னாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு நிறங்களில் ஏதோ ஒன்றுக்குள் அவர் ஊர் இருந்தது. அவர் எழுந்து போய்விட்டார். கூட்டக் குறிப்பில் அவர் வந்த கணக்கு இருக்கும், அவர் கேட்ட கேள்வி இருக்காது.

சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2006 அறிவிக்கையின்படி அதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்டத்தின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். மக்கள் பேசியதைத் தொகுத்து, கூட்டத்தின் முடிவிலேயே, உள்ளூர் மொழியில் அங்குள்ளவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதிலும் ஆயிரம் குறை உண்டு, எத்தனையோ விசாரணைகள் அடிதடியில் முடிந்திருக்கின்றன. ஆனாலும் 'நீ சொன்னதை இப்படி எழுதியிருக்கிறேன், கேள்' என்று திருப்பிப் படிக்கும் அந்த ஒரு விதி பெரிய விதி. நகரத் திட்டத்துக்கு அது ஏன் இல்லை? ஒரு தொழிற்சாலை ஓர் ஊரை மாற்றும். முழுமைத் திட்டம் இருபது ஆண்டுக்கு நூறு ஊரை மாற்றுகிறது.

சர்வேகல் | ஜூன் 6, காலை 9.30

அந்த விவசாயி கேட்ட கேள்விக்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் ஒப்புதல் பெற்றது. அது 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கானது. 2022இல் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பரப்பைச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு, 1:50,000 என்ற அளவில் அச்சிட்டால், ஆறு மீட்டர் அகல வாய்க்கால் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். மையின் தடிமன் அதைவிட அதிகம். அதே வாய்க்காலை 1:1,000 புலப்படத்தில் போட்டால் ஆறு மில்லிமீட்டர், விரல் நகத்தால் அளக்கலாம்.

திட்டம் வரைபவர் பெரிய படத்தில் வேலை செய்கிறார். தண்ணீர் சின்னப் படத்தில் ஓடுகிறது. மக்களிடம் கருத்துக் கேட்பது என்பது என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைக்கும் வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர் ஊரில் இருக்கிற மனிதர்தான். எங்கள் துறையில் அளவுச் சங்கிலி பிடித்த எவரும் இதை மறுக்க மாட்டார்.

ஏரிக்கரை அம்மா, பதிவறைக்குப் போனீர்களா?

ஏரிக்கரை | ஜூன் 10, இரவு 8.45

போனேன் ஐயா, மூன்று நாள் போனேன். முதல் நாள் எழுத்தர் விடுப்பு. இரண்டாம் நாள் அந்தக் கட்டு இங்கே இல்லை, வேறு அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் தையல்கடை அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பேசியதாலா, எங்கள் இருவரையும் மறுபடி பார்க்கச் சலித்ததாலா தெரியவில்லை, கட்டு கிடைத்தது.

அதைப் பார்த்த நொடியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். துணி ஒட்டிய தடித்த தாள், ஓரம் பழுப்பேறி உதிர்ந்துகொண்டிருந்தது. கறுப்பு மையில் கோடுகள், நடுவே அந்தப் பட்டை. அதன் இரு கரையிலும் சிறிய எண்கள். பட்டையின் மேல் சாய்வாக ஒரு சொல், 'வாய்க்கால்'. பக்கத்தில் நீர் ஓடும் திசைக்கு ஓர் அம்பு. அம்பு நேராக எங்கள் தெருவைப் பார்த்து இருந்தது. அகலம் 30 என்று போட்டிருக்கிறது. எழுத்தரிடம் கேட்டேன், லிங்க்ஸ் கணக்கு என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை ஆண்டும் மழைநாளில் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறியதற்கான காரணத்தை எவரோ ஒருவர் எப்போதோ அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

சான்றிட்ட நகல் நாளை மாலை தருவார்களாம்.

சர்வேகல் | ஜூன் 10, இரவு 9.20

மிக்க மகிழ்ச்சி அம்மா. நூறு லிங்க்ஸ் ஒரு சங்கிலி, 66 அடி. உங்கள் 30 லிங்க்ஸ் என்பது ஏறத்தாழ 20 அடி. கிட்டத்தட்ட ஆறு மீட்டர். அந்த அம்பு இருக்கிறதே, அதுதான் உங்கள் ஆட்சேபணை. முதல் பக்கத்திலேயே அதை வையுங்கள்.

வழக்குக்கட்டு | ஜூன் 10, இரவு 10.15

நீங்கள் தனிமடலில் அனுப்பிய வரைவைப் படித்தேன். நான்கு பக்கம். இரண்டாக்குங்கள். வீட்டு மனை வணிகம் பற்றிய பத்தியை எடுத்துவிடுங்கள். அதில் உள்ள கோபம் நியாயமானது, ஆனால் கோபத்துக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் எந்த அலுவலருக்கும் இல்லை. புல எண்ணுக்கு உண்டு.

முதலில் அறிவிப்பின் தேதி, விண்ணப்ப எண்கள். அடுத்து வாய்க்கால் எண், பழைய வகைப்பாடு, இப்போதைய வகைப்பாடு, இரண்டு நகல்கள். பிறகு 2015இல் தண்ணீர் நின்ற உயரம், உங்கள் வீட்டுச் சுவரில் கறை இருந்தால் அளவுநாடாவோடு எடுத்த படம். கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வாய்க்காலை நில அளவை செய்து, பழைய அகலத்தில் நீர்நிலையாக மீண்டும் பதிய வேண்டும், அதுவரை மாற்றம் கூடாது. எங்களை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும் என்ற கோரிக்கையையும் எழுத்தில் வையுங்கள். எழுதாவிட்டால் அழைக்க மாட்டார்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தையும் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

தெருவில் கையெழுத்து வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். ஒரே தாளில் 140 கையெழுத்து வாங்கினால் அது ஓர் ஆட்சேபணையாகத்தான் எண்ணப்படும். விரும்புகிறவர்கள் தங்கள் சொந்தக் கையெழுத்தில், தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதித் தனித்தனியாகக் கொடுக்கட்டும். அச்சடித்த ஒரே வாசகம் வேண்டாம்.

சொந்தவீடு | ஜூன் 11, காலை 7.50

சகோதரி, அந்தப் பழைய படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் இரவெல்லாம் யோசித்தேன். ஒன்று கேட்கிறேன். வாய்க்காலுக்கு மேற்கே உள்ள பகுதி மேடு என்று நினைக்கிறேன். வாய்க்காலையும் இரு கரையையும் விட்டுவிட்டு, பள்ளத்தைத் திறந்தவெளியாக வைத்துவிட்டு, மேட்டில் மட்டும் வீடு வந்தால் உங்களுக்குச் சம்மதமா? ஆட்சேபணைகள் மட்டுமல்ல, ஆலோசனைகளும்தானே கேட்கிறார்கள். 'கூடாது' என்று மட்டும் எழுதினால் முழுவதும் தள்ளுபடியாகலாம். 'இப்படிச் செய்யலாம்' என்று எழுதினால் பாதியாவது நிற்கலாம்.

ஏரிக்கரை | ஜூன் 11, காலை 11.30

நேற்று இரவு இதையே தெருவில் பேசினோம். சிலருக்கு ஒரு செங்கல்கூட வரக் கூடாது. எனக்கு மேட்டுப் பகுதி பற்றி ஆட்சேபணை இல்லை. அங்கே 2015இலும் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் மேட்டில் வீடு வந்தால் மனைக்கு மண் அடிப்பார்கள், சாலையை உயர்த்துவார்கள், அந்த நீரும் பள்ளத்துக்குத்தான் வரும். எனவே மேட்டின் மட்டத்தை உயர்த்தக் கூடாது என்ற நிபந்தனையோடு உங்கள் ஆலோசனையைச் சேர்த்துக்கொள்கிறேன். மூன்று பேர் என் மேல் வருத்தமாக இருக்கிறார்கள். அவர்கள் தனியே எழுதிக் கொடுக்கிறார்கள், அதுவும் நல்லதுதான்.

ஏரிக்கரை | ஜூன் 12, மாலை 5.10

கொடுத்துவிட்டேன். என்னுடையது இரண்டு பக்கம், இணைப்பு ஏழு. என்னோடு சேர்த்து 38 பேர் தனித்தனியாகக் கொடுத்தோம். பெறுபவர் எல்லாவற்றையும் ஒரே கட்டாக வாங்கி ஒரே முத்திரை போடுகிறேன் என்றார். முப்பத்தெட்டும் வேண்டும் என்று நின்றோம். போட்டுக் கொடுத்தார், அவருக்கு நன்றி. தையல்கடை அக்கா எழுதியது நான்கு வரி. "தையல் மெஷின் மூழ்கிவிட்டது. மோட்டாரை மாற்ற ஆறு மாதம் ஆனது. இந்த அறிவிப்பை நான் துணி வெட்டும்போது பார்த்தேன். இனி இப்படிப்பட்ட அறிவிப்பை எங்கள் தெருவில் ஒட்டவும்."

நொய்யல் | ஜூன் 12, மாலை 6.00

அந்த நான்காவது வரி முழுத் தமிழ்நாட்டுக்கும் பொருந்தும்.

நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் வார்டு குழு, பகுதி சபை அமைக்க 2022இல் விதிகள் வந்தன. உங்கள் வார்டில் பகுதி சபை கூடினால் அங்கேயும் இதைத் தீர்மானமாக வையுங்கள். அரசியல் சாசனத்தின் பன்னிரண்டாம் அட்டவணை நகரத் திட்டமிடலையும் நில உபயோகத்தை முறைப்படுத்துவதையும் நகராட்சியின் பணிகளில் சேர்த்திருக்கிறது. உங்கள் கவுன்சிலருக்கு இந்த விண்ணப்பம் பற்றித் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

ஏரிக்கரை | ஜூன் 12, மாலை 6.25

கேட்டேன். அவருக்கும் தெரியாது. அவரும் ஓர் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார், 38இல் அவருடையதும் உண்டு.

ஏரிக்கரை | ஜூலை 24, இரவு 9.40

மன்னிக்கவும், நாளாகிவிட்டது. இன்று கள ஆய்வுக்கு வந்தார்கள். நான்கு அலுவலர்கள், விண்ணப்பதாரர் தரப்பில் இருவர், எங்கள் தெருவில் இருபது பேருக்கு மேல்.

எங்கள் ஊரின் பழைய நீர்க்கட்டி இன்னும் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். மதகு திறப்பதும் அடைப்பதும் அவர் வேலையாக இருந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அலுவலர் கையில் படம், நடக்க நடக்க முள் புதர். வாய்க்கால் எது என்று எவருக்கும் தெரியவில்லை. பெரியவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு பத்தடி நடந்து நின்று, "இங்க குளிருது, இதான்" என்றார். அந்த இடத்தில் மண்வெட்டியால் ஓரடி வெட்டினார்கள். மேலே கொட்டிய கட்டட இடிபாடு, அதன் கீழே கறுத்த ஈர வண்டல். பத்து மீட்டருக்கு ஒன்றாக நான்கு இடத்தில் வெட்டிப் பார்த்தார்கள். நான்கும் பழைய படத்தின் பட்டைக்குள் விழுந்தன. இப்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளம் ஏழடி அகலம்தான் இருக்கிறது.

அலுவலர்களில் ஒருவர், இளம்பெண், பெரியவர் சொன்ன ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதினார். முடிவு என்ன என்று கேட்டதற்கு, குழுவில் வைப்போம் என்று மட்டும் சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். நொய்யல் அவர்கள் எழுதியது நினைவில் இருந்தது. அவர் ஒருகணம் தயங்கினார், பிறகு எல்லோர் முன்னாலும் படித்தார். பெரியவர் இரண்டு இடத்தில் திருத்தினார். கலங்கல் வழியும்போது நீர் இரண்டு கிளையாகப் பிரியுமாம், ஒரு கிளையைத்தான் எழுதியிருந்தார்கள்.

அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் ஐயா?

சர்வேகல் | ஜூலை 25, காலை 5.30

அம்மா, இன்றே செய்யுங்கள். அந்த ஆய்வுக் குறிப்பின் நகல் வேண்டும் என்று ஒரு வரி மனு, இன்று தேதியிட்டு. தகவல் உரிமை மனுவும் தனியாக. நேற்று அங்கே இருந்தவர்களின் பெயரும் கையெழுத்தும் ஒரு தாளில், மறப்பதற்கு முன்.

அப்புறம் அந்த இரண்டாவது கிளை. அது பழைய படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரியவரை இன்னொரு முறை கூட்டிக்கொண்டு போய், அது எந்த எண்களின் வழியாகப் போகிறது என்று நடந்து குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்பே போங்கள். நானும் வருகிறேன், என் வீட்டில் இன்னும் ஒரு சங்கிலி இருக்கிறது.